‘வழங்கலாம்’ என்னும் வினைமுற்று

இந்தியப் பல்கலைக்கழகத்தில் முனைவர் பட்ட ஆய்வு செய்துகொண்டிருக்கும் பெண்ணுக்கு முதற்குழந்தை பிறந்தால் அவளுக்குள்ள உரிமை என்ன என்ற கேள்விக்கு விடை மிகச் சிறியது. உரிமை இல்லை, அனுமதி உண்டு. பல்கலைக்கழக மானியக் குழு 2022ஆம் ஆண்டு வெளியிட்ட முனைவர் பட்ட நெறிமுறைகள், பெண் ஆய்வாளருக்கு ஆய்வுக்காலம் முழுமைக்குமாக 240 நாள் வரை மகப்பேறு விடுப்போ குழந்தைப் பராமரிப்பு விடுப்போ வழங்கலாம் என்கின்றன. 2016ஆம் ஆண்டின் நெறிமுறைகளிலும் இதே 240 நாள்தான். இந்த எண்ணிக்கையைப் பெரிய சாதனையாகச் சுட்டிக்காட்டுவோர் உண்டு. அவர்கள் எண்ணைப் படிக்கிறார்கள், வினைமுற்றைப் படிப்பதில்லை.

1961ஆம் ஆண்டின் மகப்பேறு பயன்கள் சட்டத்தை அருகில் வைத்துப் பார்த்தால் வேறுபாடு விளங்கும். அச்சட்டத்தின் 5ஆம் பிரிவு பெண் தொழிலாளிக்குப் பயன் பெறும் உரிமையையும், அவளைப் பணியமர்த்தியவருக்கு அதைக் கொடுத்தாக வேண்டிய கடப்பாட்டையும் ஒரே மூச்சில் சொன்னது. 2017ஆம் ஆண்டுத் திருத்தம் முதலிரண்டு மகப்பேறுகளுக்கு விடுப்பை 26 வாரமாக்கியது. ஐம்பது பேரோ அதற்கு மேலோ பணிபுரியும் நிறுவனத்தில் குழந்தைகள் காப்பகம் இருந்தாக வேண்டும், தாய் நாளொன்றுக்கு நான்கு முறை அங்கே சென்றுவர விடப்பட வேண்டும் என்றது. குழந்தைக்குப் பதினைந்து மாதம் ஆகும்வரை பாலூட்டுவதற்கென நாள்தோறும் இரண்டு இடைவேளைகள் அச்சட்டத்தில் முன்பே இருந்தன. எல்லாமே ‘வேண்டும்’. ஆய்வாளர் மட்டும் பணியாளர் அல்லர் என்பதால் அவருக்கு வாய்ப்பது ‘லாம்’.

தமிழ் இலக்கணம் பயின்றோர்க்கு இந்த வேறுபாட்டை விரித்துரைக்கத் தேவையில்லை. ‘வழங்கல் ஆம்’ என்பதன் வழிவந்த அந்த வடிவம் இசைவைக் குறிக்கும், நிகழக்கூடும் என்ற வாய்ப்பையும் குறிக்கும். மழை வரலாம், விடுப்புக் கிடைக்கலாம். நெறிமுறை எழுதியவர்கள் கையாண்ட ஆங்கிலத் துணைவினைக்கும் இதே இரட்டை இயல்புதான். ‘கொடுக்கும்படி அனுமதிக்கிறோம்’ என்று சொல்லும் வாக்கியத்தில் கொடுப்பவருக்குச் சுதந்திரம் இருக்கிறது. பெறுபவருக்கு எதுவும் இல்லை.

இலக்கண நுட்பத்தைக் கொண்டு வாதம் புரிவது வீண்வேலை என்று தோன்றலாம். கோப்பு நகரும் வழியைப் பார்த்தவர்களுக்கு அப்படித் தோன்றாது. விண்ணப்பத்தில் முதலில் நெறியாளர் கையெழுத்திட வேண்டும். பிறகு துறைத்தலைவர், புலத்தலைவர், கல்விப்பிரிவு அலுவலகம், உதவித்தொகை பெறுபவராயின் அதற்கான பிரிவு. எந்த மேசையிலும் ‘இதைச் செய்தாக வேண்டும்’ என்ற கட்டாயம் இல்லை. ஆகவே ஒவ்வொரு மேசையிலும் ஒரு கேள்வி முளைக்கிறது. எட்டு மாதமும் தேவைதானா? பாடநெறித் தேர்வு முடிந்ததா? ஆய்வுக்குழுக் கூட்டத்திற்கு மட்டும் வந்துபோக முடியாதா? கேட்பவர் கொடியவராக இருக்க வேண்டிய அவசியமில்லை. ஒருவருடைய தேவையை இன்னொருவருடைய பெருந்தன்மையாக மாற்றிவிட்டால், பெருந்தன்மை உடையவர் விசாரிக்கத்தான் செய்வார்.

நீதிமன்றங்கள் சில வேளைகளில் ‘லாம்’ என்பதற்கு ‘வேண்டும்’ என்று பொருள்கொண்டிருக்கின்றன என்று சட்டம் படித்தோர் சொல்வர். உண்மை. ஆனால் அதற்கு ஒருத்தி வழக்குத் தொடுக்க வேண்டும். உத்தரப் பிரதேசப் பல்கலைக்கழகம் ஒன்றில் எம்.எட். படித்த மாணவி மகப்பேற்று விடுப்புக்காகவும் வருகைப்பதிவுக்காகவும் டெல்லி உயர்நீதிமன்றம் வரை செல்ல நேர்ந்தது. கல்வியா, தாய்மையா என்று ஒரு பெண்ணைத் தேர்ந்தெடுக்க நிர்ப்பந்திக்க முடியாது என்ற நிலைப்பாட்டை எடுத்த நீதிமன்றம், 2023 மே மாதம் பல்கலைக்கழகத்தின் மறுப்பாணையை நீக்கியது. இளநிலை, முதுநிலை மாணவியருக்கு மகப்பேற்று விடுப்பு குறித்து உரிய விதிகளை வகுக்குமாறு மானியக் குழு பல்கலைக்கழகங்களைக் கேட்டுக்கொண்டது 2021 டிசம்பரில். கேட்டுக்கொள்வதற்கும் கட்டளையிடுவதற்கும் இடையிலான தொலைவை அந்த மாணவி வழக்குரைஞரைத் தேடி நடந்து கடந்தார்.

விடுப்பை ஓய்வு என எண்ணுவோருக்காக அந்த மாதங்கள் எப்படிக் கழிகின்றன என்பதையும் சொல்லியாக வேண்டும். பிறந்த குழந்தை நாளொன்றுக்கு 8 முதல் 12 முறை பால் குடிக்கும். பாலூட்டி, தோளில் போட்டு ஏப்பம் விடச்செய்து, துணி மாற்றி, தூங்கவைத்து நிமிரும்போது அடுத்த முறைக்கு ஒரு மணி நேரம்கூட மிஞ்சியிருக்காது. பகல், இரவு என்ற பகுப்பு கலைந்து நாள் முழுதும் இரண்டு மணி நேரத் துண்டுகளாகிவிடும். வயிற்றில் தையல் இருந்தால் எழுந்து உட்காருவதே ஒரு வேலை. பச்சை உடம்புக்காரி என்று ஊரில் சொல்வதற்குக் காரணம் உண்டு. தலைப்பிரசவத்துக்குத் தாய்வீடு செல்வது இந்தியாவின் பல பகுதிகளிலும் வழக்கமாக இருப்பதற்கும் அதே காரணம்தான். அவ்வழக்கத்தைப் பிற்போக்கு என்று கருத்தரங்கில் பேசுவது எளிது. அதற்கு ஈடாகப் பல்கலைக்கழகம் தருவது என்ன என்று கேட்டால் மௌனமே விடை.

உடல்நோவைவிட ஆய்வாளரை வருத்துவது வேறொன்று. அதைப் பற்றி எவரும் எழுதுவதில்லை. ஆய்வு என்பது தொடர்ச்சியான கவனத்தால் நடக்கும் தொழில். நாற்பது பக்கக் கட்டுரையின் முப்பதாம் பக்கத்தில் நிற்கும்போது முதல் பக்கம் நினைவில் இருக்க வேண்டும். மூன்றாண்டு பழகிய சிந்தனை ஓட்டம் ஒரே வாரத்தில் அறுந்துபோகும்போது, தன் அறிவே தன்னைக் கைவிட்டதாக ஒருத்தி அஞ்சுகிறாள். உண்மையில் அறிவு எங்கும் போகவில்லை, தூக்கம் போயிருக்கிறது. இதை அவளிடம் சொல்ல ஒரு மூத்த ஆய்வாளரோ நெறியாளரோ இருந்தால் பாதிச் சுமை குறையும். பெரும்பாலும் அவளுக்குக் கிடைப்பது “எழுத்து வேலை எந்த அளவில் இருக்கிறது?” என்னும் மின்னஞ்சல்.

இனி, மானியக் குழு பெருமையோடு வழங்கும் இன்னொரு சலுகை. ஆய்வுக்கான உச்சவரம்பு ஆறாண்டு. மறுபதிவின்மூலம் மேலும் இரண்டாண்டு. பெண்களுக்கும் 40 விழுக்காட்டுக்கு மேல் குறைபாடுடைய மாற்றுத்திறனாளிகளுக்கும் அதற்கும் மேல் இரண்டாண்டு. ஆகப் பத்தாண்டு வரை காலம் உண்டு. இளநிலை ஆய்வு உதவித்தொகையோ இரண்டாண்டு, அதைத் தொடரும் முதுநிலைத் தொகை மூன்றாண்டு. ஐந்தாண்டோடு 37,000 ரூபாயும் 42,000 ரூபாயும் முடிந்துவிடும். தேசியத் தகுதித் தேர்வின் உதவித்தொகை இல்லாமல் மத்தியப் பல்கலைக்கழகத்தில் ஆய்வு செய்வோருக்கு மாதம் 8,000 ரூபாய். தலைநகரில் குழந்தையைப் பார்த்துக்கொள்ள ஒருவரை அமர்த்த அத்தொகை போதுமா என்று கணக்குப் பார்க்க முதுகலைப் பட்டம் தேவையில்லை. காலத்தை நீட்டிய விதி பணத்தை நீட்டவில்லை. ஏழாம் ஆண்டில் கணவன் வருமானத்தையோ தந்தையின் ஓய்வூதியத்தையோ நம்பி ஆய்வேட்டை முடிக்கச் சொல்லும் ஏற்பாட்டுக்குச் சலுகை என்ற பெயர் பொருந்துமா?

நெறியாளர்கள் பெண் ஆய்வாளரை ஏற்கத் தயங்குகிறார்கள், திருமணம் ஆகிவிட்டதா என்று நேர்காணலில் சுற்றிவளைத்துக் கேட்கிறார்கள் என்னும் புகார் பழையது. அதற்கு ஆணாதிக்க மனநிலை என்று விளக்கம் சொல்லி நிறுத்திக்கொள்வது போதாது. அந்த மனநிலைக்குத் தீனிபோடும் ஒரு கணக்கு நெறிமுறையிலேயே இருக்கிறது. ஒரு பேராசிரியர் ஒரே நேரத்தில் எட்டு பேரையும், இணைப்பேராசிரியர் ஆறு பேரையும், உதவிப்பேராசிரியர் நான்கு பேரையும் மட்டுமே நெறிப்படுத்தலாம். ஓர் ஆய்வாளர் விடுப்பில் சென்றாலும் அந்த இடம் நிரம்பியதாகவே கருதப்படும். நான்கே இடம் கொண்ட இளம் உதவிப்பேராசிரியர் ஒருவருக்கு, அவர் பெண்ணாகவே இருந்தாலும், ஒரு மாணவியின் மகப்பேறு தம் பதவி உயர்வுக்கான எண்ணிக்கையில் விழும் ஓட்டையாகத் தெரிகிறது. விடுப்புக் காலத்தையும் அதையொட்டிய நீட்டிப்பையும் இடக்கணக்கிலிருந்து விலக்கிவைத்தால் இந்தத் தயக்கத்தின் பெரும்பகுதி கரைந்துவிடும். இதற்கு ஒரு ரூபாய் செலவில்லை. ஆனாலும் பாலினச் சமத்துவம் குறித்த கருத்தரங்குகளில் இப்படியொரு தீர்மானம் நிறைவேற்றப்படுவதில்லை. மகளிர் நாளன்று கோலப்போட்டி மட்டும் தவறாமல் நடக்கிறது.

“ஆய்வு வேலையல்ல, விருப்பத்தின்பேரில் படிப்பது; குழந்தையும் விருப்பம்தானே?” என்பது படித்தவர்கள் சொல்லும் வாதம். வேலையல்ல என்றால் வருகைப்பதிவேடு எதற்கு, ஆண்டுக்கு முப்பது நாள்தான் விடுப்பு என்ற வரையறை எதற்கு, தேர்வறைக் கண்காணிப்பும் விடைத்தாள் திருத்தமும் எதற்கு? ஒழுங்குபடுத்தும்போது பணியாளர், உரிமை கேட்கும்போது மாணவர். விருப்பம் என்பதைப் பற்றியும் ஒரு வார்த்தை. உதவித்தொகைக்கான வயது வரம்பு முப்பது; பெண்களுக்கு ஐந்தாண்டுத் தளர்வு. பெண்கள் தாமதமாகவே ஆய்வுக்கு வந்துசேர முடிகிறது என்பதை அரசே ஏற்றுக்கொண்டு முப்பத்தைந்து வரை வாசலைத் திறந்துவைத்திருக்கிறது. அந்த வாசல் வழியாக வந்தவளிடம் ‘இந்த ஐந்தாறு ஆண்டுகள் மட்டும் பிள்ளை பெறாதே’ என்று சொல்வதற்கு விருப்பத்தேர்வு என்று பெயர் சூட்டுவது மொழிக்குச் செய்யும் அநீதி. 2021–22ஆம் ஆண்டின் அகில இந்திய உயர்கல்விக் கணக்கெடுப்பின்படி முனைவர் பட்டப் பதிவில் இருந்த பெண்கள் ஏறத்தாழ 98 ஆயிரம் பேர். ஏழாண்டுக்கு முன் அதில் பாதி. இவர்களை விதிவிலக்காக வைத்து விதி எழுதும் காலம் முடிந்துவிட்டது.

வாய்மொழித் தேர்வில் மடியில் குழந்தையோடு அமர்ந்திருக்கும் பெண்ணின் படத்தைப் பகிர்ந்து ‘இரும்புப் பெண்மணி’ என்று பாராட்டுவோர்மீது எழும் கோபம் சற்றுக் கடுமையானதாகத் தோன்றக்கூடும். அந்தப் பெண் போற்றுதலுக்குரியவர், ஐயமில்லை. ஆனால் அந்தப் படம் எதற்குச் சான்று? அந்த வளாகத்தில் இரண்டு மணி நேரம் ஒரு குழந்தையைக் கவனித்துக்கொள்ள இடமோ ஆளோ இல்லை என்பதற்குச் சான்று. பாராட்டில் கலந்துகொண்ட பேராசிரியர்கள் தம் துறைக் கட்டடத்தில் கதவுத் தாழ்ப்பாளும் ஒரு நாற்காலியும் கொண்ட பாலூட்டும் அறை எங்கே இருக்கிறது என்று தேடிப் பார்க்கலாம். பண்டக அறைக்கும் பழைய வினாத்தாள் கட்டுகளுக்கும் இடம் இருக்கிறது.

மொழியியல் துறைகள் இவ்விஷயத்தில் பிறரைவிடக் கூடுதலாக வெட்கப்பட வேண்டும். குழந்தைமொழி ஆய்வு என்ற துறையே வீட்டுக்குள் எழுதப்பட்ட நாட்குறிப்புகளிலிருந்து எழுந்தது. டார்வின் தம் மூத்த மகனைப் பற்றி எழுதிவைத்த குறிப்புகளை 1877இல் ‘மைண்ட்’ இதழில் வெளியிட்டார். பியாஜே தம் மூன்று குழந்தைகளைக் கவனித்து அறிவு வளர்ச்சிக் கோட்பாட்டை அமைத்தார். லியோபோல்ட் மகள் ஹில்டகார்டின் இருமொழிப் பேச்சை நான்கு தொகுதிகளாக்கினார். குழந்தைமொழி பற்றி 1907இல் வெளிவந்த ஜெர்மன் நூலில் கிளாரா, வில்லியம் ஸ்டெர்ன் இருவர் பெயரும் உள்ளன. அதற்கு அடிப்படையான நாட்குறிப்புகளில் பெரும்பகுதியை எழுதியவர் கிளாரா. பல்கலைக்கழகப் பதவி வகித்தவர் வில்லியம். குழந்தையிடம் பேசும் நடைக்கே நெடுங்காலம் தாயின் பெயரைத்தான் இட்டு வழங்கினார்கள். தந்தை தொட்டிலருகே அமர்ந்து எழுதினால் அது ஆய்வுத்தரவு. தாய் அதே தொட்டிலருகே விழித்திருந்தால் அது பணியில் விழுந்த இடைவெளி. தன்விவரக் குறிப்பில் விளக்கம் சொல்ல வேண்டிய வெற்றிடம்.

ஆண் ஆய்வாளர்கள் பற்றி நெறிமுறை ஒன்றும் சொல்வதில்லை. மத்திய அரசின் ஆண் ஊழியருக்காவது 15 நாள் தந்தைமை விடுப்பு உண்டு. ஆய்வாளனுக்கு அதுவும் இல்லை. அவனுக்கு அது தேவைப்படும் என்ற எண்ணமே விதி எழுதியவர்களுக்கு எழவில்லை. இதனால் இழப்பு அவனுக்கும்தான். ஆனால் பெரிய இழப்பு அவளுக்கு; ஏனெனில் குழந்தைப் பராமரிப்பு என்பது பெண்ணின் விடுப்பாக மட்டுமே பதிவேட்டில் இடம்பெறும்வரை, நெறியாளர் கண்ணில் ஆபத்து அவள் ஒருத்திதான். தந்தைக்கும் சில மாதங்கள் கிடைக்குமானால் நேர்காணலில் கேட்கப்படும் அந்தக் கேள்வியை இருபாலரிடமும் கேட்க வேண்டிவரும். அப்போது அது தானே வழக்கொழியும்.

புதிய நெறிமுறை வரைவுகள் வெளியாகும்போதெல்லாம் கருத்துத் தெரிவிக்கக் கால அவகாசம் தரப்படுகிறது. ஆசிரியர் சங்கங்கள் பணி நியமனம் பற்றியும் மாணவர் அமைப்புகள் நுழைவுத்தேர்வு பற்றியும் பக்கம் பக்கமாக எழுதி அனுப்புகின்றன. அடுத்த வரைவு வரும்போது அந்தப் பக்கங்களில் நான்கு வரியேனும் இதற்கு ஒதுக்கப்பட வேண்டும்: ‘வழங்கலாம்’ என்பதை நீக்கி ‘வழங்கப்பட வேண்டும்’ என்று எழுதுக, விடுப்பு நாள்களுக்கு ஈடாக உதவித்தொகைக் காலத்தையும் நீட்டுக, அக்காலத்தில் நெறியாளரின் இடக்கணக்கில் அப்பெயரைச் சேர்க்காதிருக்க, வளாகக் காப்பகத்தில் ஆய்வாளரின் குழந்தைக்கும் ஊழியரின் குழந்தைக்கு நிகரான இடம் தருக.