வெள்ளி குறையக் குறைய தெய்வம் பெருகிய கதை

கடவுள் பெயரைப் போட்டால் மோசடி நடக்காது என்று நம்புகிறவர்கள், பழைய ரோமாபுரியின் வெள்ளிக் காசாகிய தினாரியத்தைக் கொஞ்சம் புரட்டிப் பார்க்கும்படி வேண்டுகிறோம்.

இக்காசு கி.மு. 211 வாக்கில், அனிபாலோடு யுத்தம் நடந்த காலத்தில் பிறந்தது. ஒரு பக்கம் ரோமா தேவி. மறுபக்கம் குதிரைமேல் இரட்டைத் தேவர்கள். அச்சுச்சாலை இருந்ததோ மொனேட்டா அம்மன் கோவிலை ஒட்டி. (வெள்ளைக்காரன் பணத்தை ‘மனி’ என்பது இந்த அம்மன் பெயரிலிருந்து வந்ததுதான்.)

பிறகு பதவி தேடியவர்கள் தெய்வத்தோடு உறவு கொண்டாட ஆரம்பித்தார்கள். வீனஸ் தேவி தன் குலத்து ஆதித்தாய் என்று அவள் உருவத்தைக் காசில் போட்டார் ஜூலியஸ் சீசர். அந்தத் தாய் கி.மு. 44-ல் அவரைக் கத்திக்குத்திலிருந்து காப்பாற்றவில்லை. இரண்டு வருஷத்துக்குள் செனட் சபையார் கூடித் தீர்மானம் போட்டு, செத்தவரைக் கடவுளாக்கிவிட்டார்கள்! உடனே அவருடைய சுவீகார புத்திரர் ஆக்டேவியன், ‘தெய்வத்தின் மகன்’ என்று காசில் பொறித்துக்கொண்டார்.

இனி வெள்ளியின் சேதியைக் கேளுங்கள். ஒரு ரோம ராத்தலுக்கு 84 காசு அடித்துவந்ததைக் கி.பி. 64-ல் நீரோ 96 ஆக்கி, செம்பும் கூடக் கலந்தான். பட்டாளத்துக்குச் சம்பளத்தை உயர்த்திய செப்டிமியஸ் செவரஸ் காலத்தில் (193–211) ஏறக்குறைய பாதி செம்பு. அவன் காசில் இருப்பது யார் தெரியுமா? கையில் தராசு பிடித்த நேர்மைத் தேவி! நாணயம் என்றால் நம் மொழியில் காசுக்கும் யோக்கியதைக்கும் ஒரே சொல். அங்கே முன்னது அச்சாகும்போதே பின்னது செத்துவிட்டது.

காலியேனஸ் ஆட்சியின் கடைசியில் வெள்ளிக் காசு என்று வழங்கியதில் நூற்றுக்கு ஐந்து பங்கு வெள்ளிகூடத் தேறவில்லை. தெய்வத்துக்கு மட்டும் பஞ்சமில்லை. டயானா, அப்போலோ, நெப்டியூன், ஜூபிடர் என்று வரிசையாகப் போட்டு, ‘சக்கரவர்த்தியைக் காப்பவர்’ என்று பட்டமும் பொறித்தார்கள். 268-ல் அவனுடைய சொந்தத் தளகர்த்தர்களே அவனைக் கொன்றார்கள்.

ஏமாறாதவர்களும் இருந்தார்கள், அவர்கள் பண்டிதர்களல்ல, கடைக்காரர்கள். நமது கோயமுத்தூர், கரூர்ப் பக்கத்துப் புதையல்களில் அகப்படும் தினாரியங்களில் பெரும்பாலானவை அகஸ்டஸ், டைபீரியஸ் காலத்தவை. அதாவது நீரோ கைவைப்பதற்கு முந்தியவை. நம் வியாபாரி சாமியைப் பார்த்தா வாங்கினான்? வெள்ளியைப் பார்த்தே வாங்கினான் என்பது எமது எண்ணம். எகிப்தில் ஆக்சிரிங்கஸ் என்ற ஊரில் 260-ல் காசுக்கடைக்காரர்கள் சக்கரவர்த்திகளின் ‘தெய்வீக நாணயத்தை’ வாங்க மாட்டோம் என்று கடையைச் சாத்திவிட்டார்கள். கடையைத் திறந்து வாங்கு, இல்லாவிட்டால் தண்டனை என்று அதிகாரி உத்தரவு போட வேண்டியதாயிற்று.