அடித்தவனை யார் கேட்டது?



'அவன் ரத்தமே அப்படிடா.' எங்க சேரிப் பையனைப் போலீஸ் பிடிச்சிட்டுப் போன அன்னைக்கு டீக்கடையில் விழுந்த பேச்சு. ஐந்தாம் வகுப்பில் அவன் என் பக்கத்தில் உட்கார்ந்தவன். கக்கூஸ் கழுவ மாட்டேன் என்றதற்கு வாத்தியார் முதுகு தடிக்க அடித்தார். வீட்டில் அப்பனும் அடித்தான். அன்றைக்கு எந்தப் போலீசும் வரவில்லை.

சாதி சாதியாகப் பிறவிக் குற்றவாளி என்று எழுதி வைத்தது 1871இல் வெள்ளையன் போட்ட குற்றப் பரம்பரைச் சட்டம். 1952இல் அது போனது. டீக்கடையில் இன்னும் இருக்கிறது.

அமெரிக்க ஆய்வாளர் கேத்தி விடம், சிறுவயதில் வதைபட்ட, கவனிப்பாரற்றுப் போன 908 பேரின் பதிவுகளைத் தொடர்ந்து பார்த்து 1989இல் எழுதினார்: பெரியவர்களான பின் கைதானவர்கள் நூற்றுக்கு 29 பேர். அந்தக் கொடுமை பதிவாகாத, அதே மாதிரிப் பின்னணி உள்ளவர்களில் 21 பேர். அடி உடம்போடு நிற்பதில்லை. ஆனால் மீதி 71 பேர்? 'அடிபட்டவன் ஆபத்தானவன்' என்று சொன்னால் அதுவும் புதுக் குற்றப் பரம்பரைதான்.

2015 சிறார் நீதிச் சட்டம், கொடுங்குற்றம் என்றால் 16 வயதுப் பிள்ளையையும் பெரியவனாக விசாரிக்க வழி வைத்திருக்கிறது. பிள்ளையை வதைக்கிற பொறுப்பாளருக்குத் தண்டனை என்று 75ஆம் பிரிவும் அதில்தான் இருக்கிறது. முதலாவதை எல்லோரும் பேசுறாங்க. இரண்டாவதை நாம் பேசுவோம். பள்ளிக்கூடத்திலும், நம்ம வீட்டுக்குள்ளேயும்.