உராய்வைப் புறக்கணிக்கலாமா?



"உராய்வைப் புறக்கணித்துக் கணக்கிடுக." இயற்பியல் கணக்குகளில் இந்த வரியை எத்தனை முறை படித்திருப்பீர்கள்! கணக்கை எளிதாக்க இது உதவும். ஆனால் படித்துப் படித்து, உராய்வு என்பது வெறும் தொல்லை என்ற எண்ணம் மனத்தில் படிந்துவிடுகிறது. அது சரியல்ல என்பதே என் கருத்து. இதற்குச் சாட்சி சொல்ல ஒரு விளையாட்டை அழைக்கிறேன்.

பூல் விளையாட்டைத் தொலைக்காட்சியில் பார்த்திருக்கலாம். துணி விரித்த மேசை, சுற்றிலும் துணி போர்த்திய ரப்பர் விளிம்பு, ஆறு குழிகள். ஆட்டக்காரர் நீண்ட கோலால் வெள்ளைப் பந்தை அடிக்கிறார். அது வண்ணப் பந்தில் மோதி அதைக் குழியில் தள்ளுகிறது. ஆனால் இது பாதி வேலைதான். மோதிய பிறகு வெள்ளைப் பந்து எங்கே போய் நிற்கிறது? அடுத்த அடியை அங்கிருந்துதானே அடிக்க வேண்டும்!

இங்கேதான் பக்கச் சுழற்சி கைகொடுக்கிறது. பந்தின் நடுவில் அடிக்காமல் சற்று வலப்புறம் அடித்தால், அது ஓடிக்கொண்டே பம்பரம் போலச் சுழலும். மேலிருந்து பார்த்தால் இடஞ்சுழியாக. பந்துகள் வழவழப்பானவை. ஆகவே வண்ணப் பந்தில் மோதும்போது இந்தச் சுழற்சி பெரிதும் குறைவதில்லை. அது வேலை செய்வது ரப்பர் விளிம்பில்தான். விளிம்பில் நேராக மோதும் பந்து நேராகவே திரும்ப வேண்டும் அல்லவா? ஆனால் சுழலும் பந்தின் முன்பக்கம் விளிம்பை இடப்புறமாகத் தேய்க்கிறது. உராய்வு பந்தை வலப்புறம் தள்ளுகிறது. பந்து வலப்புறம் விலகித் திரும்புகிறது. ஒளி எதிரொளிப்பில் நீங்கள் படித்த சமகோண விதி இங்கே செல்லாது!

சுழற்சியைக் கொடுப்பதும் உராய்வே. கோலின் தோல் முனை பந்தைத் தொடுவது ஒரு வினாடியில் ஏறக்குறைய ஆயிரத்தில் ஒரு பங்கு நேரம். அதற்குள் வழுக்காமல் பற்ற வேண்டும் என்பதற்காகத்தான் முனையில் சாக் பூசுகிறார்கள். அப்படியும் ஓர் எல்லை உண்டு. பந்தின் விட்டம் சுமார் 57 மில்லிமீட்டர். நடுவிலிருந்து சுமார் 14 மில்லிமீட்டருக்கு மேல் விலகி அடித்தால் முனை வழுக்கிவிடும்.

இன்னொரு சிக்கலும் உண்டு. வலப்புறம் அடித்த பந்து, குறி வைத்த கோட்டிலிருந்து சற்று இடப்புறமாகப் புறப்படும். மோதும் கணத்தில் வண்ணப் பந்தையும் இலேசாக இடப்புறம் தள்ளும். இரண்டையும் ஈடுகட்டிக் குறி வைக்க வேண்டும். அதனால்தான் தேர்ந்த ஆட்டக்காரர் சுழற்சியைச் சமையலில் உப்புப்போல் அளவாகப் பயன்படுத்துகிறார். வேகத்தாலேயே வெள்ளைப் பந்தை வேண்டிய இடத்தில் நிறுத்த முடிந்தால், நடுவில் அடிப்பதோடு நிறுத்திக்கொள்வார்.

பூமியில் காற்றின் திசை விலகுவதை விளக்கும்போது கோரியாலிஸ் என்ற பிரெஞ்சு விஞ்ஞானியின் பெயரைக் கேட்டிருப்பீர்கள். அவரே 1835-இல் பில்லியர்ட்ஸ் ஆட்டத்தின் கணிதத்தைப் பற்றி ஒரு நூல் எழுதினார். சறுக்கிக்கொண்டே சுழலும் பந்து, துணியின் உராய்வால் பரவளையப் பாதையில் வளையக்கூடும் என்று அதில் விளக்கினார். உராய்வைப் புறக்கணித்திருந்தால் அந்த வளைவு அவருக்குக் கிடைத்திருக்காது.

மேசை இல்லையே என்று வருந்த வேண்டாம். ஒரு ரப்பர் பந்தை விரல்களால் பம்பரம்போல் முறுக்கி, தரையோடு சுவரை நோக்கி நேராக விடுங்கள். அது எப்பக்கம் திரும்புகிறது? சுழற்சியை மாற்றிப் பாருங்கள். பிறகு சோப்புத் தடவிய பிளாஸ்டிக் தாளைச் சுவரில் ஒட்டி மறுபடியும் செய்யுங்கள். பந்தின் விலகல் குறைவதைக் காண்பீர்கள்.

உராய்வை ஒதுக்கிக் கணக்குப் போடுங்கள், தவறில்லை. ஆனால் விடை வந்ததும் நோட்டை மூடிவிடாதீர்கள். "உராய்வு இருந்தால் என்ன ஆகும்?" என்று ஒரு கேள்வி கேளுங்கள். உண்மையான உலகம் அந்தக் கேள்விக்குப் பின்னால்தான் இருக்கிறது.