மாயாவியின் கையும் பாப்பா மோலின் தொந்தியும்

"எங்கட பிள்ளையளுக்கு ஒரு தமிழ் சுப்பர் ஹீரோ வேணும்." கடந்த சில வருடங்களில் இந்த வசனத்தைக் கலைவிழா மண்டபங்களிலும் பிறந்தநாள் வீடுகளிலும் பலமுறை கேட்டுவிட்டேன். சொல்பவர்களில் அநேகர் காமிக்ஸ் வாசிக்காதவர்கள். 2014இல் மார்வெல் நிறுவனம் கமலா கான் என்ற பாகிஸ்தானிய அமெரிக்கச் சிறுமிக்குத் தனி இதழ் தொடங்கியதைக் கேள்விப்பட்டு, அவளுக்குக் கிடைத்த இடம் எங்களுக்கு ஏன் கிடைக்கவில்லை என்று கேட்பவர்கள். முதுகில் புலிக்கொடியோ சோழக்கொடியோ பறக்க ஒருவன் வானத்தில் போனால் அவர்களுக்குப் போதும். அதே ஆட்கள் வீட்டுக்குப் போய், மகனின் கையில் ஸ்பைடர்மான் புத்தகத்தைக் கண்டால், "இந்தக் குப்பையை வைச்சிட்டுப் போய்ப் படி" என்கிறார்கள்.

இரண்டு பேச்சும் ஒரே பிழையிலிருந்து வருகின்றன. சுப்பர் ஹீரோக் கதை என்றால் பறப்பதும் அடிப்பதும் என்று நினைப்பதுதான் அந்தப் பிழை.

என் தலைமுறைக்குத் தெரிந்த ஆளிலிருந்து தொடங்குகிறேன். 1972இல் முத்து காமிக்ஸ் தன் முதல் இதழில் கொண்டுவந்த இரும்புக்கை மாயாவி. அட்டை கழன்று, கை மாறி, யாழ்ப்பாணத்தில் எங்கள் ஒழுங்கைக்கு வரும்போது அந்தப் புத்தகங்களில் பாதிக்குக் கடைசிப் பக்கம் இருக்காது. முடிவை நாங்களே சொல்லிக்கொள்வோம். அவன் பிரித்தானிய வார இதழான வேலியன்டில் 1962இல் பிறந்தவன். வரைந்தவர் ஸ்பானியரான ஹெசூஸ் பிளாஸ்கோ. ஆய்வுகூட உதவியாளன். வலது கையை இழந்து இரும்புக் கை பூட்டியவன். உடம்பில் மின்சாரம் பாய்ந்தால் ஆள் மறைந்துவிடுவான், இரும்புக் கை மட்டும் அந்தரத்தில் தெரியும்.

எண்பதுகளில் சுவிஸுக்கு வந்து கோப்பை கழுவியவர்களுக்கு இந்தப் படத்தை நான் விளக்க வேண்டியதில்லை. பாடனுக்குப் பக்கத்தில் ஓர் உணவகத்தின் அடுக்களையில் நான் வேலை செய்த காலத்தில், சுவரில் ஒரு சின்னச் சாளரம் இருந்தது. அதன் வழியாகக் கழுவிய தட்டுகளை அடுக்கி நீட்ட வேண்டும். அந்தப் பக்கம் இருந்தவர்களுக்குத் தெரிந்ததெல்லாம் முழங்கை வரை ஒரு கறுத்தக் கை. ஒருநாள் அந்தக் கையைப் பார்த்து எனக்கே சிரிப்பு வந்தது. பிளாஸ்கோ வரைந்தது மாதிரியே இருந்தது. காமிக்ஸ் நிஜ வாழ்க்கையிலிருந்து தப்பி ஓடுவது என்று சொல்பவர்களிடம் நான் கேட்பது இதுதான்: எண்பதுகளில் வந்த தமிழ் அகதியின் சுவிஸ் வாழ்க்கையை இதைவிடச் சரியாகக் காட்டிய ஒரு படத்தை எனக்குக் காட்டுங்கள்.

அதே 1962இல்தான் அமெரிக்காவில் ஸ்டான் லீயும் ஸ்டீவ் டிட்கோவும் ஸ்பைடர்மானை உருவாக்கினார்கள். (லயன் காமிக்ஸ் வாசித்தவர்களுக்கு 'ஸ்பைடர்' என்றால் கூர்க்காது வைத்த அந்த வில்லன்தான் முதலில் வருவான். அவனைப் பிறகு சொல்கிறேன்.) டிட்கோ வரைந்த பக்கங்களைத் திரும்ப எடுத்துப் பாருங்கள். பீற்றர் பார்க்கருக்கு வில்லன்களைவிடப் பெரிய தலையிடி வீட்டுக் காசு. மாமா இல்லை, மாமிக்குச் சுகமில்லை. தன்னைத் திட்டி எழுதும் பத்திரிகைக்கே தன் படத்தை எடுத்து விற்றுக் காசு பார்க்கிறான். முகமூடியைத் தானே தைக்கிறான். பிள்ளைகள் இதை வாசிப்பது சுவரில் ஏறுவதற்காக மட்டும் அல்ல. வெளியே ஒருவன், வீட்டில் ஒருவன் என்று இருக்க வேண்டியிருக்கும் ஒரு பையனின் களைப்பை வேறு எந்தப் புத்தகமும் அவர்களுக்குச் சொல்வதில்லை.

எங்கள் பிள்ளைகளுக்கு அந்தக் களைப்பு நன்றாகத் தெரியும். எட்டு வயதில் கெமைண்டே கடிதத்தை அப்பாவுக்கு மொழிபெயர்த்தவர்கள். வைத்தியரிடம் அம்மாவின் வருத்தத்தைச் சொல்லப் போய், அம்மா சொன்னதில் பாதியை வெட்கத்தில் விழுங்கியவர்கள். பள்ளியில் ஒரு உச்சரிப்பிலும் வீட்டில் இன்னொரு உச்சரிப்பிலும் ஒரே பெயரைச் சுமப்பவர்கள். ஆர்காவ் மாநிலத்தில் ஆறாம் வகுப்போடு பிள்ளையைப் பிரிக்கிறார்கள்: பெட்சிர்க்ஸ்சூலே, செக், ரியால். 'பெற்ஸ்' கிடைத்த பிள்ளையின் தாய் கோயிலில் ஒரு மாதிரி நிற்பா, ரியாலுக்குப் போன பிள்ளையின் தாய் வேறு மாதிரி நிற்பா. அதற்கு மேல் சனிக்கிழமை தமிழ்ப் பாடசாலை, மிருதங்கம், பரதம், கடன் எடுத்துச் செய்யும் அரங்கேற்றம். சுப்பர் ஹீரோக் கதையைக் குப்பை என்று சொல்லிக்கொண்டே, வீட்டுக்குள் சுப்பர் ஹீரோவை வளர்க்கப் பார்க்கிறோம். அதுவும் கிளார்க் கென்ட் இல்லாத சுப்பர்மானை. மூக்குக்கண்ணாடி போட்டு, தடுக்கி விழுந்து, சாதாரணமாக இருக்க அவனுக்கு ஒரு மணித்தியாலம்கூட விடுவதில்லை. இந்த லட்சணத்தில் கொடி போர்த்திய ஒருவன் வேறு வானத்திலிருந்து இறங்கி வந்து அவனிடம் இன்னும் எதிர்பார்க்க வேண்டுமா?

இனி அந்த வில்லன். சுப்பர்மானை உருவாக்கியவர்கள் ஜெரி சீகலும் ஜோ ஷஸ்டரும். இருவரும் யூதக் குடியேறிகளின் பிள்ளைகள். அழிந்த ஊரிலிருந்து அனுப்பப்பட்ட குழந்தை வேற்று நாட்டில் வேற்றுப் பெயரில் வளர்கிறது என்ற கதையை அவர்கள் எழுதியது தற்செயல் என்று நான் நினைக்கவில்லை. 1938இல் உரிமையை 130 டொலருக்கு எழுதிக்கொடுத்தார்கள். உலகம் முழுக்க அவன் பறந்தான். இவர்கள் வழக்காடித் தோற்றார்கள். அறுபதுகளில் சீகல் பிரித்தானிய லயன் இதழுக்கு எழுதியதுதான் அந்த ஸ்பைடர் கதைகள். அவற்றைத்தான் பிறகு சிவகாசி தமிழாக்கி எங்களுக்குத் தந்தது. அதன் பிறகும் சீகல் ஓர் அலுவலகத்தில் எழுதுவினைஞர் வேலை பார்த்தார். 1975இல்தான், பத்திரிகைகளில் கதை வெளிவந்து வெட்கக்கேடான பிறகு, நிறுவனம் ஓய்வூதியம் கொடுத்தது. வீரனை உருவாக்கியவர்கள் எங்களைப் போல வாடகைக்கு அலைந்தவர்கள். இதைப் பிள்ளைகளுக்குச் சொன்னால் அவர்கள் காமிக்ஸை இன்னும் கவனமாகத்தான் வாசிப்பார்கள்.

சரி, சுப்பர் ஹீரோ வேண்டாம் என்றால் வேறு யார் என்று கேட்பீர்கள். நாங்கள் வாழும் இதே பாடனில் வாழ்ந்து வரைந்தவர் எடித் ஒப்பன்ஹைம்-யோனாஸ். 1907இல் ஜேர்மனியின் கீல் நகரில் பிறந்தவர், ஆகவே அவரும் வந்தேறியவர்தான். 1952இல் அவர் உருவாக்கிய பாப்பா மோல் ஒரு தகப்பன். வழுக்கைத் தலை, தொந்தி, நல்ல மனம். எடுத்த காரியம் ஒன்றும் உருப்படியாக முடியாது. ஏணியில் ஏறினால் விழுவார், பிள்ளைகளுக்கு ஏதோ செய்யப் போய் தானே சிக்கிக்கொள்வார். சுவிஸ் பிள்ளைகள் எழுபது வருடங்களாக இந்தத் தகப்பனைப் பார்த்துச் சிரிக்கிறார்கள், அதற்காக யாரும் தகப்பனை மதிக்காமல் போய்விடவில்லை.

எங்கள் பிள்ளைகளின் தமிழ்ப் புத்தகங்களில் இப்படி விழுகிற ஒரு அப்பா இருக்கிறாரா? அங்கே அப்பா அறிவுரை சொல்கிறார், அல்லது தியாகம் செய்கிறார். கோப்பை கழுவிவிட்டு இரவு பன்னிரண்டு மணிக்கு வந்து சப்பாத்தோடு செற்றியில் நித்திரையாகும் அப்பா இல்லை. டொச் வகுப்பில் மூன்றாம் தரமும் பெயில் விட்ட அப்பா இல்லை. பெற்றோர் கூட்டத்தில் விளங்காமல் "யா, யா" என்று தலையாட்டிவிட்டு வந்து, ஆசிரியை என்ன சொன்னா என்று மகளிடமே கேட்கும் அப்பா இல்லை. எங்களுக்கு அந்தச் சிரிப்புத் தெரியாததும் அல்ல. 'சிரித்திரன்' சுந்தர் சவாரித் தம்பரை வரைந்தபோது, யாழ்ப்பாணம் தன்னைத்தானே பார்த்து வாய்விட்டுச் சிரித்தது. தம்பருக்கு எந்தச் சக்தியும் இல்லை, வாய் மட்டும்தான். கடல் தாண்டும்போது அவரை எந்த விமான நிலையத்தில் விட்டுவிட்டு வந்தோம்?

ஆகவே தமிழ் சுப்பர் ஹீரோவுக்குக் காசு சேர்க்க நினைப்பவர்கள் அந்தக் காசை ஒரு தமிழ்ப் பாப்பா மோலுக்குக் கொடுக்கட்டும். வரைய ஆள் இல்லை என்று சொல்ல வேண்டாம். ஒவ்வொரு செப்டெம்பரிலும் பன்டோஷ் அசைபட விழாவுக்கு உலகம் முழுவதிலுமிருந்து வரைபவர்கள் பாடனுக்கு வருகிறார்கள். எங்கள் பிள்ளைகள் சிலர் ரிக்கற் எடுத்துக்கொண்டு தனியே போய்ப் பார்ப்பதை நான் கண்டிருக்கிறேன். அவர்களில் ஒருத்தி வரைவதைப் படிக்கப் போகிறேன் என்று வீட்டில் சொன்னாளாம். அதில என்ன சம்பளம் என்று கேட்டாராம் தகப்பன். நியாயமான கேள்விதான், சீகலின் 130 டொலரை நானும் மறக்கவில்லை. அவள் பதில் சொல்லாமல் அறைக்குப் போய், செற்றியில் சப்பாத்தோடு படுத்திருக்கும் ஒரு ஆளை வரைந்து எனக்கு அனுப்பியிருந்தாள். தொந்தி சரியாக வந்திருக்கிறது.