விளையாட்டுக் கருவியா, கணினியா?

பள்ளி விடுமுறையில் பழைய கோப்புகளை அடுக்கிக் கொண்டிருந்தபோது ஒரு தாள் கையில் சிக்கியது. ஐந்தாம் ஆண்டு மாணவன் ஒருவன் நடுவில் கோடு கிழித்து இரண்டாகப் பிரித்து எழுதிய தாள் அது. இடப்பக்கம் பிளேஸ்டேஷன் 5, வலப்பக்கம் கணினி. புல்தரை, வியர்வை, தலைமுடி, பார்வையாளர் கூட்டம் என்று வரிசையாக எழுதி, ஒவ்வொன்றுக்கும் பத்துக்கு இத்தனை என மதிப்பெண் இட்டிருந்தான். அவனுடைய கட்டுரைகளுக்கு நான் பயன்படுத்தும் அதே சிவப்பு மை! இடப்பக்கம் பெருவெற்றி பெற்றிருந்தது. அந்தத் தாளைப் பார்த்த பிறகும் அவன் தந்தைக்கு நான் நேர்மாறான ஆலோசனை கூறினேன். அது சரியா என்பதை எழுதிப் பார்க்கலாம் என்றுதான் இப்பதிவு.

2022ஆம் ஆண்டின் தொடக்கம் அது. அவன் தந்தை லாரி ஓட்டுநர். ஒருநாள் பள்ளி முடிந்ததும் வாயிலில் காத்திருந்து, "டீச்சர், பையன் பிஎஸ் ஃபைவ் கேக்குறான். கையில ரெண்டாயிரத்து ஐந்நூறு வெள்ளி சேத்து வச்சிருக்கேன். அத வாங்கவா, கம்ப்யூட்டர் வாங்கவா? நீங்க என்ன சொல்றீங்களோ அதான்" என்றார். அவருக்குப் பின்னால் நின்ற பையன் அந்தத் தாளை என்னிடம் நீட்டினான். வழக்குரைஞர் நீதிபதியிடம் ஆவணத்தைக் கொடுப்பதுபோல் இருந்தது.

உள்ளபடியே சொன்னால், தாளைப் பார்த்ததும் எனக்குச் சிரிப்பு வந்தது. கணினியின் வரைகலைதான் எப்போதும் உயர்ந்தது என்பது என் தலைமுறையின் அசைக்க முடியாத நம்பிக்கை. நான் பணியில் சேர்ந்த புதிதில், 2007இல், கிரைசிஸ் என்ற விளையாட்டு கணினிக்கு வந்தது. அதன் காடும் கடலும் அன்றைய விலையுயர்ந்த கணினிகளையே உச்ச நிலையில் திணற வைத்தன. அது விளையாட்டுக் கருவிகளுக்கு வந்து சேர 2011 ஆயிற்று. அந்தக் காலத்துப் பிளேஸ்டேஷன் 3இலும் எக்ஸ்பாக்ஸ் 360இலும் இருந்த நினைவகம் மொத்தமே 512 மெகாபைட். நல்ல கணினியின் அருகில் நிற்க முடியாத நிலை. என் எண்ணம் அந்த ஆண்டிலேயே உறைந்து போயிருந்தது.

பையன் ஒப்பிட்டிருந்தது ஃபீஃபா 22 காற்பந்து விளையாட்டை. தாளோடு வீட்டுக்குப் போய்த் தேடிப் படித்த பிறகுதான் அவன் கூறியது முழுக்க உண்மை என்று தெரிந்தது. பிளேஸ்டேஷன் 5க்கும் எக்ஸ்பாக்ஸ் சீரிஸ் கருவிகளுக்கும் புதிய பதிப்பைச் செய்த நிறுவனம், கணினிக்குப் பிளேஸ்டேஷன் 4இன் பழைய பதிப்பையே கொடுத்திருந்தது. புதிய பதிப்பிற்காக இருபத்திரண்டு ஆட்டக்காரர்களுக்கு உணரி பொருத்திய உடையை அணிவித்து, முழு ஆட்டம் ஆடவிட்டு, அந்த அசைவுகளைப் பதிவு செய்தார்கள். கணினிக்கு அதுவும் இல்லை. பெரும்பாலோர் வீட்டில் இருக்கும் கணினிகளின் திறன் போதாது என்பதே இதற்குச் சொல்லப்பட்ட காரணம். பதினைந்தாயிரம் வெள்ளிக்குக் கணினி வாங்கி வைத்திருந்தவருக்கும் அதே பழைய புல்தரைதான்! அந்தக் குறை 2022 செப்டம்பரில் வந்த ஃபீஃபா 23இல்தான் தீர்ந்தது. கூடைப்பந்துக்காரர்கள் 2024 வரை காத்திருந்தார்கள். என்பிஏ 2கே25தான் கணினிக்குப் புதிய பதிப்பாக வந்த முதல் விளையாட்டு.

ஆகவே, எது உயர்ந்தது என்ற கேள்விக்குப் பொறியின் வலிமை மட்டும் விடை சொல்லாது. யாருக்காக நேரம் செலவழித்துச் செய்தார்கள் என்பதும் அதில் அடங்கும். பிளேஸ்டேஷன் 4இன் வரைகலைத் திறன் 1.84 டெராஃப்ளாப், 2013இல் வந்த கருவி. அதே கருவியில்தான் 2020இல் 'தி லாஸ்ட் ஆஃப் அஸ் பாகம் 2' வந்தது. ஏழாண்டுப் பழைய கருவியில் ஓடியது என்றே நம்ப முடியாது. உலகெங்கும் ஒரே கருவி, ஒரே சில்லு, ஒரே நினைவகம் என்றால் செய்பவருக்கு அதன் ஒவ்வொரு மூலையும் பழகிவிடும். கணினிக்கு அந்த வசதி இல்லை. வரைகலைக்கான சிறு நிரல்களை ஒவ்வொரு கணினியின் அட்டைக்கும் ஏற்றபடி அங்கேயே தொகுத்தாக வேண்டும். அதனால்தான் விலையுயர்ந்த கணினியிலும் சில விளையாட்டுகள் புது இடத்துக்குள் நுழையும்போது ஒரு கணம் விக்குகின்றன. 'தி லாஸ்ட் ஆஃப் அஸ் பாகம் 1' 2023 மார்ச்சில் கணினிக்கு வந்தபோது, தொகுப்பு முடியவே நெடுநேரம் காத்திருந்தவர்கள் உண்டு.

இதை வைத்துக் கருவிக்கு மாலை சூட்டிவிடவும் வேண்டாம். 2020 டிசம்பரில் சைபர்பங்க் 2077 பழைய கருவிகளில் ஓடிய ஓட்டத்தை உலகமே பார்த்தது. பிளேஸ்டேஷன் கடையிலிருந்தே அதை எடுத்துவிட்டு, 2021 ஜூனில்தான் திரும்ப வைத்தார்கள். நல்ல கணினி வைத்திருந்தவர்கள் அதே விளையாட்டின் ஈரச் சாலைகளில் விளக்கொளி பிரதிபலிப்பதைக் கண்டு வியந்து கொண்டிருந்தார்கள்.

நிற்க. பிள்ளைகள் பார்க்கும் அந்த ஒப்பீட்டுக் காணொளிகளைப் பற்றி எனக்கு ஒரு மனக்குறை உண்டு. திரையை இரண்டாகப் பிரித்து, ஓடுகிற காட்சியை நிறுத்தி, ஒரு மூலையைப் பலமடங்கு பெரிதாக்கி, "பார்த்தீர்களா, இந்தக் குட்டையில் மரத்தின் நிழல் தெரிகிறது, அந்தக் குட்டையில் தெரியவில்லை" என்பார்கள். நிறுத்தாமல் பார்த்தால் தெரியுமா? எனக்குத் தெரியவில்லை. காணொளியாக ஏற்றும்போதே இரண்டு படங்களும் சுருக்கப்பட்டு நுண்மை இழந்து விடுகின்றன. அதையும் மாணவன் கைப்பேசியின் சிறு திரையில் பார்க்கிறான். கணினித் திரைக்கு முன் ஒரு கை நீளத்தில் அமர்கிறோம். தொலைக்காட்சியைக் கூடத்தின் மறுகோடியில் இருந்து பார்க்கிறோம். கணினியில் உறுத்தும் குறை நாற்காலியிலிருந்து பார்த்தால் கண்ணிலேயே படாது. இதை எந்த ஒப்பீட்டுப் பட்டியலிலும் நான் கண்டதில்லை.

பெட்டியில் அச்சிடும் எண்களும் அப்படித்தான். 4கே என்றால் ஒரு படத்தில் 82 இலட்சத்து 94 ஆயிரத்து 400 புள்ளிகள். நொடிக்கு 60 படங்கள் என்றால் ஏறத்தாழ 50 கோடிப் புள்ளிகளுக்கு நிறம் தீட்ட வேண்டும். பல விளையாட்டுகளில் எந்தக் கருவியும் இதை முழுதாகச் செய்வதில்லை. சிறிய படமாகத் தீட்டிப் பெரிதாக்கிக் காட்டுகின்றன. இன்று விலையுயர்ந்த கணினி அட்டைகளும் அதையேதான் செய்கின்றன. பிளேஸ்டேஷன் 5இன் தொடக்காலப் பெட்டிகளில் 8கே என்றே அச்சிட்டிருந்தார்கள். பிற்காலப் பெட்டிகளில் அதைக் காணோம்.

தந்தையின் கேள்விக்கு வருகிறேன். அவர் கையிலிருந்த பணத்துக்குப் பிளேஸ்டேஷன் 5க்கு இணையான படத்தைத் தரும் கணினி 2022 தொடக்கத்தில் கிடைக்கவே கிடைக்காது. மின்னாணயம் தோண்டுவோர் வரைகலை அட்டைகளை அள்ளிக்கொண்டு போன காலம். அட்டையின் விலையே மொத்தப் பணத்தையும் விழுங்கியிருக்கும். கருவியின் திறன் 10.28 டெராஃப்ளாப். நான் பரிந்துரைத்தது தனி அட்டை இல்லாத, ரைசன் 5 5600ஜி சில்லு பொருத்திய கணினி. அதன் வரைகலைத் திறன் ஏறத்தாழ 1.7. நினைவகத்தின் வேகத்தை ஒப்பிட்டால் இன்னும் பரிதாபம்: கருவியில் நொடிக்கு 448 கிகாபைட், கணினியில் அதிகம் போனால் 51. நினைவக அட்டையை ஒன்றாக வாங்காமல் இரண்டாகப் பிரித்து வாங்கினால்தான் அந்த 51உம் கிட்டும் என்பதை மட்டும் கடைக்காரரிடம் சொல்லும்படி எழுதிக் கொடுத்தேன்.

வரைகலையை மட்டும் கேட்டிருந்தால் பையனின் தாளில் நானும் கையெழுத்திட்டிருப்பேன். ஆனால் 2020 மார்ச் 18இல் நடமாட்டக் கட்டுப்பாட்டு ஆணை தொடங்கியது முதல் அந்த வீட்டில் வகுப்பு நடந்த விதம் எனக்குத் தெரியும். ஒரே கைப்பேசி. அதுவும் தந்தையுடையது. அவர் ஜொகூருக்குச் சரக்கு ஏற்றிப் போனால் கைப்பேசியும் போய்விடும். இரவு பதினொரு மணிக்கு மேல் அவர் திரும்பியதும், இவனுடைய வீட்டுப்பாடமும் தங்கையின் வீட்டுப்பாடமும் மங்கலான படங்களாக வந்து விழும். எழுத்து தெரியாமல் பல நாள் ஊகித்தே திருத்தியிருக்கிறேன். அவனோடு படித்த வேறு பிள்ளைகள் மடிக்கணினியில் படவில்லை செய்து கொண்டிருந்தார்கள்.

"கம்ப்யூட்டர் வாங்குங்க அண்ணே" என்றேன். அவர் தலையசைத்தார். பையன் என் முகத்தைப் பார்க்கவில்லை.

அதன்பின் பல வாரம் அவன் என்னிடம் தேவைக்கு மேல் பேசவில்லை. பதினோரு வயதுப் பிள்ளையின் கோபம் சிறியதன்று. ஈராண்டு வீட்டுக்குள் அடைபட்டுக் கிடந்தவன், திடல் இல்லாத அடுக்குமாடியில் வளர்பவன், ஒரு நல்ல புல்தரையைக் கேட்டான். இரண்டும் வாங்க வசதியுள்ள வீட்டுப் பிள்ளையிடம் யாரும் இப்படித் தேர்ந்தெடுக்கச் சொல்வதில்லை. ஏழை வீட்டில் ஒரு பொருள் வாங்கினால் அது பயனுள்ளதாக மட்டுமே இருக்க வேண்டும் என்று நாமே முடிவு செய்து விடுகிறோம். ஆசிரியர்களாகிய நமக்கு இந்தப் பழக்கம் சற்று அதிகம். அந்த உறுத்தல் எனக்கு இன்னும் இருக்கிறது. ஆனாலும் மீண்டும் கேட்டால் அதே விடையைத்தான் சொல்வேன்.

ஒருநாள் இடைவேளையில் தானாகவே வந்தான். "டீச்சர், நிழல அடைச்சிட்டா ஆட்டம் வேகமா ஓடுது. கூட்டத்தையும் கொறச்சிட்டேன். ஆனா புல்லு மட்டும் அட்டை மாதிரி இருக்கு." அமைவுப் பட்டியலில் இருந்தவை எல்லாம் ஆங்கிலச் சொற்கள். இருவரும் அமர்ந்து ஒவ்வொன்றுக்கும் தமிழ்ச்சொல் தேடினோம். பொருள்களின் மேற்பரப்பில் ஒட்டும் படத்துக்கு நான் 'இழைநயம்' என்றேன்; அவன் 'தோல்' போதும் என்றான். அவன் சொன்னதே பொருத்தமாகப் பட்டது.

இப்போது இடைநிலைப்பள்ளியில் படிக்கிறான். சென்ற மாதம் தங்கையை அழைத்துப் போக வந்தபோது, வரைகலை அட்டைக்குப் பணம் சேர்ப்பதாகச் சொன்னான். அட்டை மட்டும் வாங்கினால் போதாதாம், மின்வழங்கியையும் மாற்ற வேண்டுமாம். கணக்குப் போட்ட தாளைச் சட்டைப்பையிலிருந்து எடுத்தான். அதே கோடு, அதே இரண்டு பிரிவு. "பிஎஸ் ஃபைவ் இன்னும் இடப்பக்கம் இருக்கா?" என்று கேட்டேன். சிரித்துக்கொண்டே மடித்து வைத்துக் கொண்டான்.