காதுக்குப் பின்னால் நெறி கட்டியிருக்கிறதா?

ஒரகடம், ஸ்ரீபெரும்புதூர் பக்கம் தொழிற்சாலை வேலைக்குப் போகும் பெண்கள் பலர் விடுதிகளில் ஒரே அறையில் சேர்ந்து தங்குகிறார்கள். தலை வாரும்போது காதுக்குப் பின்னால் பட்டாணி போல ஒன்று தட்டுப்பட்டால் பயம் வரும். லீவு போட்டால் சம்பளம் போகுமே என்று ஆஸ்பத்திரிக்குப் போவதும் தள்ளிப்போகும்.

தலைத்தோலில் புண் வந்தால் முதலில் வீங்குவது இந்த நெறிகள்தான். எனவே பேன், பொடுகு, சொறிந்த புண், காது குத்திய இடத்தில் சீழ் இருக்கிறதா என்று பாருங்கள். அவை ஆறினால் நெறியும் மெல்லக் குறையும். ரூபெல்லா அம்மையிலும் இங்கே நெறி கட்டும்.

மூன்று, நான்கு வாரமாகியும் குறையவில்லையா? வலியில்லாமல் பெரிதாகிறதா, கல் போல இறுகி நகராமல் இருக்கிறதா? மாலைக் காய்ச்சல், இரவு வியர்வை, எடைக் குறைவு உண்டா? உடனே டாக்டரைப் பாருங்கள். காசநோய் இருமலே இல்லாமல் நெறியிலும் வரும், கழுத்தில்தான் அதிகம். மெல்லிய ஊசியால் சிறிது திசு எடுத்துச் சோதிப்பார்கள். நெறியில் மட்டும் இருந்தால் அறைத்தோழிகளுக்குத் தொற்றாது.

அரசு மருத்துவமனைகளில் காசநோய்க்கு மருந்து இலவசம். பெரும்பாலும் 6 மாதம் சாப்பிட வேண்டும். நெறி கரைந்துவிட்டது என்று நடுவில் நிறுத்தக் கூடாது. சத்துணவுக்கு மாதம் 1,000 ரூபாயும் உண்டு.

ஒப்பந்தத் தொழிலாளர்களுக்கும் இ.எஸ்.ஐ. உண்டு. தகுதியுள்ளவர்களுக்கு நோய் விடுப்பில் 70 சதவீத ஊதியம், ஆண்டுக்கு 91 நாள் வரை கிடைக்கும். லீவுக்குப் பயந்து நெறியை வளர விடாதீர்கள்.