அங்கன்வாடிக்கு டிவி வேண்டாம்

ஊர்ப் பெரியவர்களுக்கும் மகளிர் குழு அக்காமார்களுக்கும், சிங்கப்பூரிலிருந்து வணக்கம்.

கும்பாபிஷேகக் கணக்கில் மீந்த பணத்தில் அங்கன்வாடிக்குப் பெரிய டிவி வாங்கலாம் என்று வாட்ஸ்அப் குழுவில் பேச்சு ஓடுகிறது. என் பங்கையும் சேர்த்துக்கொள்ளுங்கள், டிவிக்கு மட்டும் வேண்டாம்.

அங்கன்வாடிக்கு நடந்து வரும் பிள்ளைக்குச் சோறும் முட்டையும் பாட்டும் விளையாட்டும் கிடைத்துவிடுகின்றன. என் கவலை அங்கே வராத கைக்குழந்தைகளைப் பற்றித்தான். மூளை வேகமாக வளர்வது முதல் இரண்டு வயதில். அந்த வயதில் பிள்ளை வீட்டோடு இருக்கிறது, அங்கன்வாடி தரும் சத்துமாவுப் பாக்கெட்டும் வீட்டுக்குத்தான் போகிறது. அதைப் பிள்ளை தின்கிறதா, வீடே தின்கிறதா (சில வீட்டில் மாடு தின்கிறது, மறுக்காதீர்கள்) என்று யார் பார்ப்பது? ஒரு டீச்சரும் ஓர் ஆயாவும் எத்தனை வாசல் ஏறி இறங்குவார்கள்?

கைக்குழந்தைகளை இப்படிக் கவனித்துப் பார்ப்பது நம் பக்கத்துக்குப் புதிதல்ல. 1980-இல் உலக வங்கி உதவியோடு வந்த தமிழ்நாடு ஒருங்கிணைந்த ஊட்டச்சத்துத் திட்டம் முதலில் தொடங்கியதே கொட்டாம்பட்டி ஒன்றியத்தில்தான். மூன்று வயதுக்குட்பட்ட பிள்ளைகளை மாதாமாதம் எடை போட்டார்கள். பிள்ளை தராசில் வீறிட்டு அழும். எடையை அட்டையில் புள்ளி வைத்துத் தாயிடமே காட்டுவார்கள். எடை ஏறாத பிள்ளைக்கு மட்டும் 90 நாள் கூடுதல் சத்துணவு, தேறியதும் நிறுத்தம். அந்தச் சத்துணவைத் தயாரித்ததில் பெண்கள் குழுக்களும் உண்டு.

இப்போதும் அதைத்தான் கேட்கிறேன். தெருவுக்கு ஓர் அக்கா பொறுப்பெடுத்து, அங்கன்வாடியில் எடை போடும் நாளில் கைக்குழந்தைகளைக் கூட்டி வரட்டும். எடை ஏறாத பிள்ளையின் வீட்டில் தாயோடு நிற்காமல் அப்பத்தாவிடமும் பேசட்டும். மருமகள் வேலைக்குப் போனால் ஊட்டுவது அவர்தானே. அப்பன்மாரையும் விடாதீர்கள், மாவுக் கஞ்சி கிண்டுவது கம்பசூத்திரமா என்ன!

மீந்த பணத்தை அங்கன்வாடிக் கழிவறைக்குத் தண்ணீர்த் தொட்டி வைக்கச் செலவிடுங்கள். சுத்தம் இல்லாமல் அடிக்கடி வயிற்றுப்போக்கு வரும் பிள்ளைக்கு எதை ஊட்டினாலும் உடம்பில் ஒட்டாது.

அக்டோபர் 2 கிராம சபையில் இதைப் பேசி முடிவெடுங்கள். எங்களுக்கு ரசீது வேண்டாம், போட்டோ வேண்டாம், பிள்ளைகளின் பெயரும் வேண்டாம். எத்தனை பேருக்கு எடை போட்டீர்கள், எத்தனை பேருக்கு ஏறவில்லை என்று மாதக் கடைசியில் வாட்ஸ்அப் குழுவில் போட்டால் போதும்.

உங்கள் ஊர்ப்பிள்ளை